மார்கழிக்கு ஏற்ற மித அலங்காரம்

மார்கழி பிறக்கும் டிசம்பர் நடுப்பகுதி தொடங்கிப் பொங்கல் வரையிலான ஒரு மாதத்தில் வைகுண்ட ஏகாதசி, திருவாதிரை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, சென்னை இசை விழா என விழாக்கள் அடுத்தடுத்து வருவதால் தமிழகத்தில் அலங்காரத்தின் தேவை மிகுகிறது. ஆயினும் பனிக்காலச் சருமம் மிகையான ஒப்பனையை எளிதில் ஏற்பதில்லை என்பதால், இப்பருவத்துக்கு மிதமான அலங்காரமே பொருந்துகிறது.

சருமத்தின் மிக வெளிப்புற அடுக்கு, தட்டையான இறந்த செல்களும் அவற்றின் இடைவெளிகளை நிரப்பும் கொழுப்புப் பொருள்களும் சேர்ந்து உடலின் ஈரம் வெளியேறாமல் காக்கும் படலமாகும். குளிர்ந்த காற்று குறைவான நீராவியையே கொண்டிருக்கும் என்பதால் பனிக்காலத்தில் சருமத்தின் ஈரம் விரைவாக ஆவியாகிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொள்ளும் வெந்நீரும் நுரை மிகுந்த சோப்பும் காப்புக் கொழுப்பையும் கரைத்துவிட, தோல் வறண்டு வெடிக்கிறது. எனவே வெதுவெதுப்பான நீரில் விரைவாகக் குளிப்பதும், ஈரம் முழுவதும் உலருமுன் தேங்காய் எண்ணெயையோ ஈரங்காக்கும் களிம்பையோ மெல்லியதாகப் பூசுவதும் இப்பருவ அழகுப் பராமரிப்பின் அடிப்படைகளாகும். முகப்பரு உள்ளவர்கள் முகத்தில் மட்டும் தேங்காய் எண்ணெயைத் தவிர்ப்பது நலம். பயற்றம்பருப்பு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ முதலியவற்றை உலர்த்தி அரைக்கும் நலங்குமாவு, எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் உறிஞ்சி நீக்குவது. வறண்ட சருமத்தினர் அதை நன்கு சலித்து, பாலிலோ தயிரிலோ குழைத்து, அழுத்தித் தேய்க்காமல் பயன்படுத்தினால் உராய்வு குறையும்.

கூந்தலுக்கான அணியையும் பருவமே தருகிறது. 2013இல் புவிசார் குறியீடு, அதாவது ஊரின் பெயரால் அறியப்படும் பொருளுக்கான சட்டப் பாதுகாப்பு, பெற்ற மதுரை மல்லி, வெயிலில் செழித்துப் பனியில் விளைச்சல் குன்றுவதால், பொங்கலையொட்டிக் கிலோ ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறது. அதே வேளையில், இரவு நீளும்போது மொட்டுவிடும் குறும்பகல் தாவரமான செவ்வந்தியும், ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு நிறங்களில் பூக்கும் டிசம்பர் பூவும், குளிர்ந்த வானிலையில் தழைக்கும் மரிக்கொழுந்தும் சந்தைக்கு வருகின்றன. டிசம்பர் பூவுக்கு மணமில்லை என்பதால், அதனுடன் மரிக்கொழுந்தைச் சேர்த்துத் தொடுக்கையில் நிறமும் நறுமணமும் ஒரே சரத்தில் கூடிவிடுகின்றன.

உடையிலும் மிதமே பொருந்தும். பட்டு ஒரு புரத இழை; வெப்பத்தை எளிதில் கடத்தாத அதன் இயல்பால் பனிக்காலக் காலைகளில் அது உடலுக்கு இதமளிக்கிறது. காஞ்சிபுரம் நெசவில் உடலையும் கரையையும் வெவ்வேறு நிற ஊடையிழைகளால் நெய்து, அவை சந்திக்கும் இடத்தில் கோத்து இணைக்கும் கோர்வை முறை உண்டு. புட்டாக்கள் நிறைந்த புடவையைவிட, உடல் வெறுமையாகவும் கரை மாறுபட்ட நிறத்திலும் அமைந்த கோர்வைப் புடவை, ஒரு சங்கிலியும் ஜிமிக்கியும் மட்டுமே அணிந்தாலும் விழாவுக்கு நிறைவாக இருக்கும். பகல் நிகழ்ச்சிகளுக்கு மதுரைச் சுங்குடியோ செட்டிநாட்டுக் கண்டாங்கியோ போதுமானது.

முகத்துக்கு மையும் பொட்டும் இதழில் சிறிது நெய்யும் போதும் என்பதற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. தடித்த ஒப்பனையை இரவில் களையக் கடுமையான சுத்திகரிப்பு தேவைப்படுவதால், பனி ஏற்கெனவே மெலியச் செய்த காப்புக் கொழுப்பு மேலும் அகன்று, மறுநாள் வறட்சியை மறைக்க இன்னும் அதிகப் பூச்சு வேண்டியதாகிறது. கண்மையிலும்கூட, சுர்மா எனும் கண்மைப் பொடியின் சில வகைகளில் ஈயம் கலந்திருப்பதால், உட்பொருள்கள் தெரியாதவற்றை, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, தவிர்க்க வேண்டும். விழாக்கள் தொடர்ந்து வரும் மாதத்தில், குறைவாகப் பூசியவருக்கே அடுத்த விழாவுக்கும் நலமான சருமம் எஞ்சுகிறது.