நாய்க்கு ஏன் இரத்தப் பரிசோதனை?

வீட்டு நாய் இரண்டு நாளாக உண்ணாமல் மூலையில் சுருண்டு கிடக்கிறது. உடல் அனலாய்க் கொதிக்கிறது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருக்கிறது. கால்நடை மருத்துவர் ஓர் ஊசியைப் போட்டு அனுப்பிவிடுவார் என்று எண்ணிச் செல்கிறோம். அவரோ, "முதலில் இரத்தத்தைப் பார்த்துவிடுவோம்" என்கிறார். மனிதருக்கே பரிசோதனைக்கு வழியில்லாத குடும்பங்கள் இருக்க, நாய்க்கு இத்தனை ஆடம்பரம் எதற்கு என்று பலர் முணுமுணுக்கின்றனர். செலவை எண்ணி எழும் அந்த முணுமுணுப்பு நியாயமானதே. ஆனால் பரிசோதனையின்றிச் செய்யும் வைத்தியமே பல வேளைகளில் அதிகச் செலவில் முடிகிறது என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதனை விளக்கச் சென்னையின் பழைய செய்தி ஒன்று உதவும். ஆங்கிலேயர் ஆட்சியில் துரைமார்கள் 'மெட்ராஸ் ஹன்ட்' என்னும் வேட்டைக் கழகத்தை நடத்தி, அதற்கென வேட்டை நாய்களை வளர்த்து வந்தனர். அந்நாய்களின் இரத்தத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்த பாட்டன் என்னும் அறிஞர், செவ்வணுக்களுக்குள் அதுவரை எவரும் விவரித்திராத மிகச் சிறிய ஒட்டுண்ணி ஒன்றைக் கண்டு, 1910-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். பின்னர் குள்ளநரியின் இரத்தத்திலும் அதுவே காணப்பட்டது. 'பபீசியா கிப்சோனி' என்று இன்று பல நாட்டு மருத்துவர்களும் குறிப்பிடும் அந்த ஒட்டுண்ணி, நம் சென்னை நாய்களிடத்தே முதன்முதலாக அடையாளம் காணப்பெற்றது!

உண்ணிக்கடியால் பரவும் இந்நோய், நாய்கள் ஒன்றையொன்று கடித்துச் சண்டையிடும்போதும், தாயிடமிருந்து குட்டிக்கும் தொற்றக்கூடும். செவ்வணுக்கள் சிதைவதால் நாய் வெளுத்துச் சோர்கிறது; சிலவற்றுக்குச் சிறுநீர் கறுத்துப் போகிறது. இதே உண்ணிகளால் வரும் மற்றொரு காய்ச்சல் 'எர்லிக்கியா'. அல்ஜீரியாவில் 1935-இல் கண்டறியப்பட்ட இக்கிருமி வெள்ளணுக்களில் குடிபுகுகிறது. இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்கள் குறைந்து, மூக்கிலிருந்து குருதி வடிவதும் உண்டு. வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படையின் நாய்கள் பெருமளவில் மடிந்தது இந்நோயினாலேதான்.

வெளித்தோற்றத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிவது அனுபவம் மிக்க மருத்துவருக்கும் கடினம். மருந்தோ வேறு வேறு. எர்லிக்கியாவுக்குரிய டாக்சிசைக்ளினை மட்டும் நம்பியிருந்தால் பபீசியா ஒழியாது. பபீசியாவிலும் பெரிய இனத்துக்குப் பயன்படும் இமிடோகார்ப் ஊசி, பாட்டன் கண்ட சிறிய இனத்தை முற்றிலும் நீக்குவதில்லை. அதற்கு அடோவாகுவோன், அசித்ரோமைசின் ஆகிய இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இரண்டு நோய்களும் ஒரே நாயைப் பற்றியிருப்பதும் அரிதன்று. ஊகத்தின்பேரில் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தால், அந்த ஒரு வாரத்தில் நாயின் இரத்தம் பாதியாய்க் குறைந்துவிடலாம்.

பரிசோதனை ஒன்றும் மாயவித்தை அன்று. காதின் ஓரத்தில் எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் மெல்லிய படலமாக இழுத்து, ஜீம்சா சாயமேற்றி, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். செவ்வணுவுக்குள் சிறு மோதிரம் போன்ற உருவம் தென்பட்டால் ஐயம் தீர்ந்தது. தென்படாவிட்டால் நோய் இல்லை என்று துணிந்துவிட இயலாது. நாட்பட்ட நோயில் ஒட்டுண்ணிகள் மிகச் சிலவே இருக்கும். அந்நிலையில் கிருமியின் மரபுப்பொருளையே தேடிக் காணும் பி.சி.ஆர். சோதனை கைகொடுக்கிறது. சில நிமிடங்களில் கோடு காட்டும் எதிர்ப்பொருள் அட்டைகளும் இருக்கின்றன. ஆனால் அவை கிருமி என்றோ வந்து போனதைக் காட்டுகின்றனவா, இன்று இருப்பதைக் காட்டுகின்றனவா என்பதை மருத்துவர்தாம் நாயைப் பார்த்து நிதானிக்க வேண்டும்.

சிற்றூர்களில் மனிதருக்கான ஆய்வுக்கூடத்திலேயே இரத்தத்தைக் கொடுத்துவிடும் வழக்கம் இருக்கிறது. இதில் ஓர் எச்சரிக்கை தேவை. அங்குள்ள கருவிகள் மனித அணுக்களின் அளவுக்கேற்ப அமைந்தவை. பூனையின் செவ்வணு சிறியது. அதன் தட்டணுவோ சில வேளைகளில் செவ்வணு அளவுக்குப் பெரிதாயிருக்கும். கருவி ஒன்றை மற்றொன்றாக எண்ணிவிடும். தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் 'இயல்பான அளவு' என்பதும் மனிதருக்கானதே. பூனை அச்சத்தினாலேயே சர்க்கரை ஏறப்பெறும் பிராணி என்பதால், ஒரு முறை எடுத்த அளவைக் கொண்டு அதற்கு நீரிழிவு என்று முடிவுகட்டுவதும் தவறு. சிறுநீரகத்தின் செய்தி இதற்கு நேர்மாறானது. ஏறக்குறைய முக்கால் பங்கு செயலிழந்த பின்னரே இரத்தத்தில் கிரியேட்டினின் உயர்ந்து காட்டும். ஆகவே வயது முதிர்ந்த பூனை வழக்கத்துக்கு மேல் நீர் குடித்தால், சிறுநீரையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்வது நலம்.

பரிசோதனைக்குப் பணமில்லை என்று வீட்டிலுள்ள காய்ச்சல் மாத்திரையைக் கொடுப்போரும் உளர். பூனைக்குப் பாராசிட்டமால் நஞ்சு. ஒரே மாத்திரை உயிரைக் குடித்துவிடக்கூடும். நாய்க்கும் நாமாக எதையும் கொடுத்தலாகாது.

1903-இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் மருத்துவமனையோடு இயங்குகிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய இடங்களிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. செல்லும்போது, ஏற்கெனவே கொடுத்த மருந்துகளின் பெயர்களையும், முன்பு எடுத்த பரிசோதனைத் தாள்களையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள். உடலிலிருந்து பிடுங்கிய உண்ணிகள் இருந்தால், ஒரு சிறு புட்டியில் அவற்றையும் போட்டுக்கொண்டு போகலாம்.