சும்மா இருந்த 150 பேர்

கூடிச் செய்யும் வேலை – 9

ஒரு வேலைக்கு எத்தனை நாள் பிடிக்கும் என்று கணிப்பதைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். கணக்குப் போட்டாயிற்று, கெடுவும் குறித்தாயிற்று. இப்போது ஆட்கள் வந்து நிற்கிறார்கள். எந்த வேலையை யாரிடம் கொடுப்பது? எத்தனை பேரிடம் கொடுப்பது?

ஒரு திட்டத்தின் தலையெழுத்து பெரும்பாலும் இந்த இடத்தில்தான் எழுதப்படுகிறது. இங்கே நேரும் தவறு அன்றைக்குத் தெரியாது. வேலை பாதி நடந்தபிறகு, திருத்த முடியாத நிலையில் தெரியவரும். அப்படியொரு தவறைச் செய்த ஒருவர், பழியை வேறு யார் மீதும் போடாமல், ‘முடிவெடுத்தவன் நான், தவறியவனும் நான்’ என்ற தெளிவோடு அதை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் பிரெடெரிக் புரூக்ஸ். இந்த வாரம் அவர் கதை.

ஒரே குடும்பம், ஒரே மென்பொருள்

1964 ஏப்ரல் 7. அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் ‘சிஸ்டம்/360’ என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தது. அதுவரை சிறிய கணினி வாங்கிய ஒரு நிறுவனம் வளர்ந்து பெரிய கணினிக்கு மாற நினைத்தால், பழைய மென்பொருளையெல்லாம் திரும்ப எழுத வேண்டியிருந்தது. 360 அந்தத் தலைவலிக்கு முடிவு கட்ட வந்தது. சிறியதோ பெரியதோ, குடும்பத்தின் எல்லாக் கணினிகளிலும் ஒரே மென்பொருள் ஓடும் என்பது ஐ.பி.எம். கொடுத்த வாக்கு.

இயந்திரங்களை உருவாக்கும் பொறுப்பை ஏற்று நடத்தியவர் புரூக்ஸ். அப்போது அவருக்கு முப்பத்து மூன்று வயதுகூட நிறையவில்லை. அதன்பின் அந்த இயந்திரங்களை இயக்கும் மென்பொருளான ‘ஓ.எஸ்./360’ அவர் பொறுப்புக்கு வந்தது. வேலை உச்சத்தில் இருந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் ஈடுபட்டிருந்தார்கள். 1963 முதல் 1966 வரை அதற்குச் செலவான மனித உழைப்பு ஏறத்தாழ 5,000 ஆள்-ஆண்டுகள் என்பது புரூக்ஸ் தரும் கணக்கு. ஒரே மனிதர் தனியாகச் செய்திருந்தால் ஐயாயிரம் ஆண்டுகள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்த மென்பொருள் தாமதமாக வந்தது. எதிர்பார்த்ததைவிட அதிக நினைவகம் கேட்டது. செலவு மதிப்பீட்டைப்போல் பல மடங்கானது. முதல் வெளியீட்டுக்குப் பிறகு இன்னும் சில வெளியீடுகள் கண்ட பின்னரே அது ஒழுங்காக ஓடத் தொடங்கியது. புரூக்ஸ் ஐ.பி.எம்.மிலிருந்து விடைபெற்றுப் பேராசிரியராகப் போனார். மென்பொருள் வேலையை மேய்ப்பது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்று அவரிடம் கேட்டவர் நிறுவனத்தின் தலைவர் டாம் வாட்சன். அந்தக் கேள்விக்குத் தாமதமாக அளித்த பதில்தான் 1975இல் புரூக்ஸ் வெளியிட்ட ‘தி மித்திக்கல் மேன்-மந்த்’ என்ற நூல்.

இரண்டு மேலாளர்கள்

அந்த நூலில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. ஒரு பக்கத்துக்குள் சொல்லி முடித்துவிடுகிறார். நான் அதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிற்றில் ஏதோ கனக்கிறது.

மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்று விரிவாக எழுதும் கட்டம் அது. வீடு கட்டுவதற்கு முன் வரைபடம் போடுவதைப் போன்ற வேலை. புரூக்ஸின் கீழ் இரண்டு மேலாளர்கள் இருந்தார்கள். வடிவமைப்புக் குழுவின் மேலாளரிடம் பத்துப் பேர், பத்துப் பேருமே தேர்ந்தவர்கள். ‘நாங்கள் எழுதித் தருகிறோம், சரியாக எழுதித் தருகிறோம். ஆனால் பத்து மாதம் ஆகும்’ என்றார் அவர். அது கெடுவைவிட மூன்று மாதம் அதிகம்.

மற்றவர், நிரலை எழுதப்போகும் குழுவின் மேலாளர். அவரிடம் 150 பேர். ‘அந்தப் பத்துப் பேர் ஒருங்கிணைக்கட்டும், எழுதுவது நாங்களாக இருக்கட்டும். சொன்ன நாளில் முடித்துவிடுவோம். அவர்களே எழுதுவதென்றால் என் 150 பேரும் பத்து மாதம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்’ என்பது அவர் வாதம்.

முதலாமவர் அதற்கும் பதில் வைத்திருந்தார். அவர்களிடம் கொடுத்தாலும் அதே மூன்று மாதத் தாமதம் ஆகும், தரமும் மிகவும் குறைந்துபோகும் என்று எச்சரித்தார்.

புரூக்ஸ் 150 பேரிடம் கொடுத்தார். எச்சரித்தவர் சொன்ன இரண்டுமே நடந்தன. மூன்று மாதத் தாமதம் ஆனது, தரமும் குறைந்தது. அதோடு போகவில்லை. பலர் பலவாறு யோசித்து எழுதியதால் மென்பொருளுக்கு ஒரே மனம் அமையவில்லை. அதனால் பிழை திருத்தும் காலம் மட்டும் ஓராண்டு நீண்டிருக்கும் என்று புரூக்ஸ் கணிக்கிறார்.

மூன்று மாதத்தை மிச்சம் பிடிக்கப் போய் ஓராண்டை இழந்தார்கள்.

காலி நாற்காலியின் பயம்

புரூக்ஸ் அறிவில் குறைந்தவர் அல்லர். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றவர், ஒரு தலைமுறைக் கணினிகளையே வடிவமைக்கத் தலைமை தாங்கியவர். அவரே ஏன் சறுக்கினார்?

அவர் முன் இரண்டு விஷயங்கள் இருந்தன. கெடு ஒன்று, சும்மா இருக்கப்போகும் 150 பேர் மற்றொன்று. இரண்டும் கண்ணுக்குத் தெரிபவை. எதிரே நிற்கும் 150 பேரின் சம்பளம் மாதாமாதம் கணக்கில் ஏறும். தரம் குறைவதும் ஒருமை குலைவதும் அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரிகிற செலவுக்கு அஞ்சி, தெரியாத செலவைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் யாருக்கும் இந்தப் பயத்தை விளக்கத் தேவையில்லை. ஒரு திட்டத்திலும் சேராமல் காத்திருப்பவர்களை அங்கே ‘பெஞ்ச்சில் இருக்கிறார்’ என்பார்கள். பெஞ்ச் நீளமானால் மேலிடம் கேள்வி கேட்கும். உடனே கைக்குக் கிடைத்த திட்டத்தில் ஆட்களை ஏற்றிவிடுவார்கள். அந்தத் திட்டத்துக்கு அவர்கள் தேவையா என்று கேட்க நேரம் இருக்காது.

நானும் இதைச் செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் ஒரு மென்பொருள் வேலை. கெடுவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பின்தங்கிவிட்டோம். பெஞ்ச்சிலிருந்து ஆறு பேர் தருகிறோம் என்றது நிறுவனம். நான் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டேன். அந்த மென்பொருளின் நெளிவுசுளிவெல்லாம் தெரிந்தவர்கள் எங்களிடம் இரண்டே பேர். புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ‘கே.டி.’ வேலை அவர்கள் தலையில் விழுந்தது. காலை முழுவதும் பாடம், மாலையில் சந்தேகங்கள், இரவில் சொந்த வேலை. மூன்றாம் வாரம் அந்த இருவரில் ஒருவரான இளம்பெண் என் மேசைக்கு வந்து, “சார், ஆள் வேண்டாம். என்னை எழுத மட்டும் விடுங்க, முடிச்சுத் தர்றேன்” என்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன. நான் அவரை எழுத விடவில்லை. கெடுவும் தவறியது, அடுத்த சில மாதங்களில் அவரும் வேலையை விட்டுப் போனார். கெடு தவறியதை மறந்துவிட்டேன். அந்தக் கண்களை மறக்கவில்லை.

ஆளும் மாதமும்

திட்ட மதிப்பீட்டில் ‘ஆள்-மாதம்’ என்ற அளவு எங்கும் புழங்குகிறது. ஆறு பேர் ஐந்து மாதம் செய்தால் 30 ஆள்-மாதம், பதினைந்து பேர் இரண்டு மாதம் செய்தாலும் அதே 30. பெருக்கல் சரிதான். ஆனால் ஆளைக் கொடுத்து மாதத்தை வாங்கிவிடலாம் என்று அந்தப் பெருக்கல் நம்மை நம்பவைக்கிறது. புரூக்ஸ் எச்சரித்த மாயை அதுதான்.

சில வேலைகளில் அது உண்மை. பத்து ஆள் நான்கு நாள் அறுக்கும் வயலை நாற்பது ஆள் ஒரே நாளில் அறுத்துவிடுவார்கள். ஒருவர் அறுக்கும் வரிசைக்கும் அடுத்தவர் வரிசைக்கும் பேச்சு வேண்டியதில்லை. சில வேலைகளைப் பிரிக்கவே முடியாது. வயிற்றுப் பிள்ளையைப் பத்துப் பெண்கள் பங்கு போட்டுச் சுமக்க இயலாது. பெரும்பாலான அலுவலக வேலைகள் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கின்றன. பிரிக்கலாம், ஆனால் பிரித்தவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தப் பேச்சுக்கும் ஒரு கணக்கு உண்டு. மூன்று பேர் இருந்தால் மூன்று ஜோடிகள். ஐந்து பேருக்குப் பத்து, பத்துப் பேருக்கு 45. புரூக்ஸின் 150 பேருக்குப் போட்டுப் பார்த்தேன்: 11,175. எல்லா ஜோடிகளும் பேசுவதில்லைதான். ஆனால் ஒரே வரைபடத்தை எல்லாரும் சேர்ந்து போடும்போது, பேசாமல் விட்ட ஒவ்வொரு ஜோடிக்கும் இடையில் ஒரு பிழை ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கிறது.

அதனால்தான், பின்தங்கிவிட்ட மென்பொருள் வேலையில் ஆட்களைக் கூட்டினால் அது இன்னும் பின்தங்கும் என்றார் புரூக்ஸ். இன்று அது அவர் பெயராலேயே ஒரு விதியாக வழங்குகிறது. அதை மிகவும் எளிமைப்படுத்திச் சொல்வதாக அவரே ஒப்புக்கொள்கிறார். தொடக்கத்தில் சேர்க்கும் ஆள் வேறு, கடைசி நேரத்தில் சேர்க்கும் ஆள் வேறு. முந்தையவருக்குக் கற்க நேரம் இருக்கிறது. பிந்தையவர் மற்றவர்களின் நேரத்தை எடுத்துத்தான் கற்க வேண்டும்.

என் பங்கு, உன் பங்கு

பகிர்ந்து கொடுக்க வேண்டியவை ஆட்கள் மட்டுமல்ல. அந்தக் காலத்தில் கணினியின் முதன்மை நினைவகம் பொன்னைப்போல் விலை உயர்ந்தது. ஆகவே ஓ.எஸ்./360இல் ஒவ்வொரு குழுவுக்கும் நினைவகத்தில் இவ்வளவு இடம்தான் என்று அளந்து கொடுத்தார்கள். வட்டு, டிரம் போன்ற மெதுவான சேமிப்புகளை எத்தனை முறை நாடலாம் என்பதற்கு வரம்பு வைக்கவில்லை.

நடந்ததை ஊகிக்கலாம். தனக்கு ஒதுக்கிய இடம் போதாத குழு, நிரலைத் துண்டு துண்டாக்கி டிரம்மில் வைத்துவிட்டு, வேண்டும்போது எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு குழுவும் தன் வரம்பைக் காப்பாற்றியது. முழு மென்பொருளும் நத்தையானது. அதன் வேகத்தை முதன்முதலில் ஒத்திகைக் கணக்காகப் பார்த்தபோது, ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழிக்கான ஒரு மொழிமாற்றி நிமிடத்துக்கு ஐந்தே ஐந்து வரிகளை மொழிபெயர்க்கும் என்று வந்தது.

இதிலிருந்து புரூக்ஸ் கற்ற பாடத்தை மேலாளர்கள் மேசையில் எழுதி வைத்துக்கொள்ளலாம். பங்கு பிரித்துக் கொடுத்த மறுகணம் எல்லாரும் தத்தம் பங்கை மட்டுமே பார்க்கத் தொடங்குவார்கள். அது மனித இயல்பு, குற்றமல்ல. முழுமையைப் பார்க்கும் மனத்தை எல்லாருக்குள்ளும் வளர்ப்பதே மேலாளரின் முதன்மையான வேலையாக இருக்கலாம் என்கிறார் அவர்.

நாம் என்ன செய்யலாம்?

புரூக்ஸின் அனுபவத்தையும் என்னுடையதையும் சேர்த்து, நான் கடைப்பிடிக்க முயல்பவை இவை.

யோசிக்கும் வேலையைச் சிலரிடம் கொடுங்கள், கட்டும் வேலையைப் பலரிடம் கொடுங்கள். ஹார்லன் மில்ஸ் என்ற கணினி அறிஞர் முன்வைத்த குழு அமைப்பை புரூக்ஸ் பாராட்டுகிறார். அறுவைச் சிகிச்சை அறையில் கத்தி ஒருவர் கையில் இருக்க, மற்றவர்கள் அவருக்குத் துணை நிற்பதுபோன்ற பத்துப் பேர் குழு அது. பெரிய வேலையை இப்படிப்பட்ட குழுக்களாகப் பிரித்தால், பேச வேண்டியவர்களின் எண்ணிக்கை சுருங்கும்.

காத்திருப்பவர்களுக்கும் உண்மையான வேலை உண்டு. வரைபடம் முழுதாக முடியும் வரை கட்டுபவர்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்று புரூக்ஸே பிறகு விளக்குகிறார். கருவிகளைச் செய்யலாம், சோதனைகளைத் தயாரிக்கலாம், இயந்திரத்தைப் படிக்கலாம். அவர்களுக்குத் தரக்கூடாத வேலை ஒன்றே ஒன்று, பத்துப் பேர் செய்ய வேண்டிய அந்த வரைபடம்.

பின்தங்கினால் ஆளைக் கேட்குமுன் வேலையைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் கெடுவை ஒரே முறை, தாராளமாகத் தள்ளிப்போடுங்கள். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால் குழுவின் நம்பிக்கை தேய்ந்துபோகும்.

கடைசியாக, மனிதர்களை ‘ரிசோர்ஸ்’ என்று அழைப்பதைக் கைவிடுங்கள். “எனக்கு ரெண்டு ரிசோர்ஸ் வேணும்” என்று சொல்லும்போதே, ஒருவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொருவரை வைத்துவிடலாம் என்று மனம் நம்பத் தொடங்குகிறது. பெயர் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு என்ன தெரியும், அவர் கற்க எத்தனை நாள் ஆகும், அவருக்கு யார் கற்றுத்தருவார் என்ற கேள்விகள் தாமாக வரும்.

ஓ.எஸ்./360 தோற்று மறைந்துவிடவில்லை. திருத்தித் திருத்தி வளர்த்த அதன் வழித்தோன்றல்கள் இன்றும் பெரிய வங்கிகளின் கணினிகளில் ஓடுகின்றன. புரூக்ஸுக்கு 1999ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது. 2022 நவம்பரில், 91ஆம் வயதில் அவர் மறைந்தார். எச்சரித்த அந்த மேலாளரின் பெயர் அந்தப் பத்தியில் இல்லை. அவர் சொன்னது சரி என்பதை மட்டும் புரூக்ஸ் பதிந்து வைத்தார்.

நாளை உங்கள் முன்னும் அப்படி இருவர் வந்து நிற்பார்கள். ஒருவர் அதிக நாள் கேட்பார், மற்றவர் அதிக ஆள் வைத்திருப்பார். மேலிருந்து ஒருவர், “அந்த 150 பேர் ஏன் சும்மா இருக்கிறார்கள்?” என்று கேட்பார். “பத்துப் பேர் யோசித்து முடிக்கட்டும் என்று காத்திருக்கிறார்கள்” என்று நிதானமாகப் பதில் சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும். எனக்கு அன்று அது இருந்திருந்தால், அந்தப் பெண் தன் வேலையை எழுதி முடித்திருப்பார்.

அடுத்த வாரம்: கெட்ட செய்தியை மேலே சொல்வது யார்? ஒரு நாள், இரண்டு நாள் என்று நழுவும் வேலை ஓராண்டுத் தாமதமாவது எப்படி என்று பார்ப்போம்.

(தொடரும்)