எவ்வளவு மானியம் என்பது நான்காவது கேள்வி
வேளாண் தொழிலில் இறங்கும் இளைஞர்கள் கவனத்துக்கு

வேளாண் அறிவியல் நிலையங்களுக்குப் பயிற்சி கேட்டு வரும் இளைஞர்களில் பெரும்பாலானோர் முதலில் கேட்பது, 'சார், இதுக்கு எவ்வளவு மானியம் கிடைக்கும்?' என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், வரிசையில் அது நான்காவதாக வர வேண்டும். யார் வாங்குவார்கள், தொழில் எனக்குத் தெரியுமா, முதல் ஆறு மாதம் கையில் பணம் எப்படிச் சுழலும் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகே மானியத்தைப் பற்றி யோசிக்கலாம்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதைக் கிராமங்களில் பார்த்து வருகிறோம். கொட்டகை நிற்கும், இயந்திரம் நிற்கும், தொழில் மட்டும் நடக்காது. சொந்தப் பங்குக்காக அடகு வைத்த அம்மாவின் நகை மூழ்கும் நிலைக்கு வரும். கடன் நிலுவை பதிவாகிவிட்டால், பின்னாளில் வேறு கடன் வாங்குவதும் சிரமமாகிவிடும். 'விவசாயத்துல இறங்கினா இப்படித்தான்' என்று ஊரும் பேசும். தவறு விவசாயத்தில் இல்லை, தொடங்கிய விதத்தில்தான் இருக்கிறது.

யார் வாங்குவார்கள்?

அதிக இளைஞர்கள் தேர்ந்தெடுக்கும் சிப்பிக்காளானையே எடுத்துக்கொள்வோம். இடம் குறைவு, வைக்கோல் உள்ளூரிலேயே கிடைக்கும், முதல் அறுவடை மூன்று, நான்கு வாரத்தில் வந்துவிடும். உலர்ந்த வைக்கோலின் எடைக்குச் சமமாகக் காளான் கிடைத்தால் நல்ல விளைச்சல். நாள்தோறும் 10 கிலோ உலர் வைக்கோலுக்குப் படுக்கை போடுபவருக்கு, சுழற்சி சீரான பிறகு தினமும் சுமார் 10 கிலோ காளான் வரும்.

அதை 200 கிராம் பாக்கெட்டாகப் போட்டால் 50 பாக்கெட். சாதாரண வெப்பநிலையில் ஒன்றிரண்டு நாளுக்கு மேல் காளான் தாங்காது. ஆகவே, 'காளானுக்கு நல்ல மார்க்கெட் இருக்கிறது' என்ற பொதுப்பேச்சு போதாது. நாளைக் காலை இந்த 50 பாக்கெட்டை வாங்கப்போகும் கடைகள், ஓட்டல்கள், வீடுகள் எவை என்று பட்டியல் எழுத முடிய வேண்டும். புரட்டாசியிலும் கார்த்திகையிலும் அசைவம் தவிர்ப்பவர்கள் தேடி வருவார்கள். மற்ற மாதங்களில் நாம்தான் அவர்களைத் தேடிப் போக வேண்டும். பட்டியலில் 20 பாக்கெட்டுக்குத்தான் ஆள் இருக்கிறார்கள் என்றால், 20 பாக்கெட்டுக்கான குடிலோடு தொடங்குவதே சரி.

தொழில் தெரியுமா?

பயிற்சிக்கு இன்று பஞ்சமில்லை. வேளாண் அறிவியல் நிலையங்கள் வழியாக, இளைஞர்களை வேளாண்மையில் ஈர்த்துத் தக்கவைக்கும் 'ஆர்யா' திட்டத்தை இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2015-16 முதல் நடத்துகிறது. வேளாண் பட்டதாரிகள், பட்டயம் பெற்றவர்களுக்கு 2002இல் தொடங்கிய வேளாண் மருந்தகம், வேளாண் வணிக மையத் திட்டம் இருக்கிறது. இதில் 45 நாள் உண்டு உறைவிடப் பயிற்சி இலவசம்.

பட்டப்படிப்பு இல்லாதவர்கள் 'ஆர்செட்டி' எனப்படும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தை அணுகலாம். வங்கிகள் மாவட்டந்தோறும் இதை நடத்துகின்றன. கர்நாடகத்தின் உஜிரேயில் 1982இல் தர்மஸ்தலா அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய 'ருட்செட்டி' நிறுவனம்தான் இதற்கு முன்மாதிரி. இதன் சிறப்பு பயிற்சியின் நீளத்தில் இல்லை. பயிற்சி சில வாரங்களில் முடிந்துவிடும், ஆனால் அதன்பின் இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற்றவரைத் தொடர்ந்து கவனிப்பார்கள். வங்கிக் கடன், விற்பனை, கணக்கு என்று சிக்கல் வரும் காலம் அதுதான். எந்தப் பயிற்சியில் சேர்ந்தாலும், 'பயிற்சி முடிந்த பிறகு யாரிடம் கேட்பது?' என்பதைச் சேரும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

சான்றிதழ் கையில் வந்ததும் கடனுக்கு ஓட வேண்டாம். வீட்டுப் பின்புறத்தில் ஒரு சிறு குடில் போட்டு மூன்று, நான்கு மாதம் நடத்திப் பாருங்கள். அதில் கோடைக்காலமும் அடங்கினால் மிக நல்லது. சிப்பிக்காளானுக்கு 20 முதல் 30 டிகிரி வெப்பமும் 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதமும் தேவை. சித்திரை, வைகாசி வெயிலில் ஈர மணலும் சாக்குப் படுதாவும் வைத்து எவ்வளவு சமாளிக்க முடிகிறது, எத்தனை படுக்கை பச்சைப் பூசணம் பிடித்து வீணாகிறது என்பதைச் சொந்தக் குடில்தான் கற்றுத் தரும்.

பணம் எப்படிச் சுழலும்?

திட்ட அறிக்கைகளில் இயந்திரத்துக்கும் கட்டடத்துக்கும் நுணுக்கமாகக் கணக்கு இருக்கும். நடைமுறை மூலதனம் ஒரே வரியில் முடிந்துவிடும். தொழில் படுத்துவிடுவது பெரும்பாலும் அந்த ஒரு வரியால்தான்.

மரச்செக்கு எண்ணெய்த் தொழிலைப் பாருங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். நாளொன்றுக்கு 40 லிட்டர் ஆட்டினால் 100 கிலோ பருப்பு. மாதம் 25 நாள் என்றால் இரண்டரை டன். கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குப் பருப்பு வாங்க வேண்டும். கடைக்காரர் எண்ணெய்க்கு ஒரு மாதம் கழித்துப் பணம் தந்தால், அடுத்த மாதப் பருப்புக்கு இன்னொரு இரண்டரை லட்சம் கையில் இருக்க வேண்டும். 10 லட்சம் ரூபாய்த் திட்டத்தில் 9 லட்சத்தைச் செக்குக்கும் கட்டடத்துக்கும் போட்டவர் எங்கே போவார்? புண்ணாக்கு விற்ற காசு மின்கட்டணத்துக்கும் கூலிக்கும்கூடப் போதாமல் போகலாம்.

கட்டடத்தை வாடகைக்கு எடுப்பது, ஒரு செக்கோடு தொடங்குவது, பக்கத்து ஊர்களில் நேரடியாக விற்று ரொக்கம் பார்ப்பது ஆகியவை முதல் ஆண்டைக் கடக்க உதவும்.

மானியம் எப்போது வரும்?

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். ஊரகப் பகுதியில் பொதுப்பிரிவினருக்கு 25 சதவீதமும், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், இதர பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 35 சதவீதமும் மானியம். நேரடிப் பயிர்ச் சாகுபடிக்கு இதில் இடமில்லை, மதிப்புக்கூட்டும் தொழில்களுக்கு உண்டு.

சிறப்புப் பிரிவைச் சேர்ந்த கிராமத்து இளைஞர் 10 லட்சம் ரூபாய்க்குத் தொழில் தொடங்குகிறார் என்றால், சொந்தப் பங்கு 50 ஆயிரம், வங்கிக் கடன் ஒன்பதரை லட்சம். மானியமான மூன்றரை லட்சம் அவர் கைக்கு வராது. அவர் பெயரில் வங்கியில் மூன்று ஆண்டுகள் வைப்பில் இருக்கும். அந்தத் தொகை அளவுக்கான கடனுக்கு வட்டி கிடையாது. தொழில் நடக்கிறதா என்று நேரில் சரிபார்த்த பிறகே அது கடனில் கழிக்கப்படும். அதற்கு முன்பே மூடிவிட்டால், மானியம் போய்விடும், கடன் நிற்கும். வேளாண் வணிக மையத் திட்டத்தின் 36 சதவீத மானியமும், பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கான 44 சதவீத மானியமும் இதேபோல் பின்னிறுதி மானியம்தான்.

ஆகவே, மாதத் தவணையை மானியத்தை நம்பிக் கணக்கிடக் கூடாது. மானியமே இல்லை என்று வைத்துக் கணக்குப் போட்டு, அப்போதும் தொழில் நிற்கிறது என்றால் துணிந்து இறங்கலாம்.

தமிழக அரசின் 2025-26 வேளாண் நிதிநிலை அறிக்கையும் வேளாண் பட்டதாரிகள், பட்டயதாரர்கள் நடத்த 1,000 உழவர் நல சேவை மையங்களை அறிவித்தது. 10 முதல் 20 லட்சம் ரூபாய் மதிப்பிலான மையத்துக்கு 30 சதவீத மானியம். விதை, உரம் விற்கும் கடைகள் ஏற்கெனவே உள்ள ஊரில், ஆலோசனையும் இயந்திர வாடகையும் சேர்த்துத் தருபவருக்கே இடம் உண்டு.

எல்லோரும் முதலாளி ஆக வேண்டியதில்லை

வேலைக்குப் போவது தோல்வி அல்ல. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதவும் கொள்முதலைக் கவனிக்கவும் ஆள் தேவை. அறுவடை இயந்திரம் பழுது பார்ப்பவர் சம்பா அறுவடையில் ஓய்வின்றி ஓடுகிறார். பத்தாம் வகுப்பு முடித்த 18 வயது நிரம்பியவர்கள் அங்கீகாரம் பெற்ற மையத்தில் டிரோன் இயக்கப் பயிற்சி பெற்றுச் சான்று வாங்கலாம். காளான் பண்ணையிலோ நாற்றங்காலிலோ ஓராண்டு சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், அடுத்தவர் முதலீட்டில் தொழிலின் நெளிவுசுளிவுகளைக் கற்றுக்கொள்கிறார். பின்னாளில் சொந்தமாகத் தொடங்கும்போது அந்த ஓராண்டு அவருக்குக் கை கொடுக்கும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை தொழில் தொடங்கக் கேட்கும்போது, உடனே நகையை எடுத்துத் தரவும் வேண்டாம், 'அரசு வேலைக்குப் படி' என்று விரட்டவும் வேண்டாம். வாங்குபவர் பட்டியலும் ஆறு மாத வரவு செலவுக் கணக்கும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கொண்டு வந்தால் அந்தத் தாளோடு வேளாண் அறிவியல் நிலையத்துக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்கும் சேர்ந்தே செல்லுங்கள். நடப்பு விதிமுறைகளையும் மானிய அளவையும் அங்கே உறுதி செய்துகொண்டு, பிறகு விண்ணப்பம் போடலாம்.