காய்ச்சலும் பாய்ச்சலும் மூடாக்கும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட ஏரி, குளம், கண்மாய்கள் உண்டு. ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வடகிழக்குப் பருவமழை ஏமாற்றினால், நெற்கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் மடை வறண்டுவிடும். உடனே ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்தக் கடன் வாங்குகிறோம். இருக்கிற ஈரத்தை நிறுத்திவைக்கும் வழியைத்தான் முதலில் பேச வேண்டும்.

நெல்லுக்கு எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டியதில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கொடுத்தால் போதும். கீழ்ப்பாதியில் துளையிட்ட ஓரடிக் குழாயை வயலில் பதித்து, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் நீர் தரைமட்டத்துக்கு 15 செ.மீ. கீழே இறங்கிய பிறகு மடையைத் திறக்கலாம். மேல்மண் காய்ந்திருந்தாலும் வேருக்கு ஈரம் எட்டும். 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடவே கூடாது. சரளை கலந்த செம்மண்ணில் நீர் சடசடவென்று இறங்கும் என்பதால், குழாயைத் தினமும் எட்டிப் பார்க்க வேண்டும்.

சோளம், கம்பு, மக்காச்சோளத்துக்குக் கைகொடுப்பது, மண்ணைத் தழையால் மூடிவைக்கும் மூடாக்கு. கீரனூர் அருகே ஓடுகம்பட்டியில், இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் வழிகாட்டிய ‘குடும்பம்’ அமைப்பின் கொழுஞ்சிப் பண்ணை, பொட்டல் நிலத்தில் தழையும் மரமும் வளர்த்து உருவானது. மூடாக்குப் போட, பயிர் ஒரு சாண் உயர்ந்ததும், தண்டில் படாமல் வரிசைக்கு நடுவே தழையைப் பரப்ப வேண்டும். உச்சிவெயிலில் அதை விலக்கிப் பாருங்கள்: அடியில் மண் கறுத்து, விரலில் ஒட்டும், பக்கத்துத் திறந்த மண்ணில் கை வைக்க முடியாது. வெயில் படாததால் களையும் அதிகம் முளைக்காது.

ஆனால், வைக்கோலைப் பரப்பச் சொல்வது இந்த ஊருக்குப் பொருந்தாத யோசனை. ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கும் மாவட்டம் இது; கோடையில் மாட்டுக்கு வைக்கோல்தான் உயிர். மாட்டுத் தீவனத்தில் கை வைக்காத மூடாக்கே இங்கே நிலைக்கும். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் தென்னை ஓலையும் மட்டையும் கிடைக்கும். கரையான் அரிக்கும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். மற்ற இடங்களில் பசுந்தாள் செடியான கொழுஞ்சியே நல்லது. வறட்சி தாங்கும், காற்றிலிருந்து தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும். ஆடு மாடு அவ்வளவாகக் கடிக்காது என்பதால் வரப்பில் விதைத்துவிட்டால் வேலிகூட வேண்டாம்.