கூடத்து ஈரமும் குனிந்த தலையும்

வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் கூடத்தின் நடுவே மஞ்சளாகத் தேங்கிக் கிடக்கிறது. நாயோ சோபாவுக்குப் பக்கத்தில் காதை மடக்கி, வாலை இடுக்கி, கண்ணைப் பார்க்காமல் தலை குனிந்து நிற்கிறது. 'செய்தது தப்பென்று அதற்கே தெரிகிறது, தெரிந்தேதான் செய்கிறது' என்று நாம் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். வீட்டுக்குள் அசுத்தம் செய்யும் நாயைத் திருத்த முடியாமல் போவதற்கு முதல் காரணம் இந்தத் தீர்ப்புதான். நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. தின்பண்டத்தைத் தொடாதே என்று நாயிடம் சொல்லிவிட்டு உரிமையாளர் அறையைவிட்டு வெளியேற வேண்டும். திரும்பி வந்ததும், நாய் தின்றதா இல்லையா என்று அவரிடம் சில சமயம் உண்மையும் சில சமயம் பொய்யும் சொல்லப்பட்டது. தின்ற நாய், தின்னாத நாய் இரண்டுமே திட்டு விழுந்தபோது குற்றவாளி முகம் காட்டின. ஒரு தப்பும் செய்யாமல் திட்டு வாங்கிய நாய்களிடம் அந்த முகம் இன்னும் அழுத்தமாக இருந்தது. அப்படியானால் குனிந்த தலை நம் கோபத்துக்குப் பணிவது. ஒப்புதல் வாக்குமூலமாக அதைக் கொள்வதற்கில்லை.

'அப்படியென்றால் நாம் வாயே திறக்கும் முன்பு ஏன் ஒளிகிறது?' என்று கேட்கலாம். தரையில் ஈரமும் வாசலில் எஜமானரும் சேர்ந்தால் அடி விழும் என்பதை அது பழக்கத்தில் கற்றிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு முன் தான் கால் மடக்கியதையும் இப்போது விழும் அடியையும் அதனால் முடிச்சுப் போட முடியாது. தண்டனையோ பரிசோ, செயலை ஒட்டிச் சில நொடிகளுக்குள் வந்தால்தான் நாய்க்குப் பொருள்படும். 'மூக்கைத் தேய்த்துத்தான் பழக்கினோம், பழகியதே' என்பவர்களும் உண்டு. குட்டி வளர வளரச் சிறுநீர்ப்பையும் பலப்படுகிறது; அந்தப் பெருமை பெரும்பாலும் பிரம்புக்குப் போய்விடுகிறது. அடிபட்ட நாய்கள் பல கற்பது ஒன்றுதான்: மனிதர் கண்ணெதிரே சிறுநீர் போகக் கூடாது. அதனால்தான் தெருவில் அரை மணி நேரம் சங்கிலியைப் பிடித்து நடந்தாலும் அடக்கிக்கொண்டு, வீடு திரும்பியதும் கட்டிலுக்குப் பின்னால் போகிறது.

குட்டி நாயின் கணக்கு எளிது. வயது எத்தனை மாதமோ, ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் பகலில் அடக்கும். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி ஓய்ந்ததும் வெளியே கொண்டுபோக வேண்டும். ஒரே இடத்துக்குக் கொண்டுபோய், சிறுநீர் கழித்த அந்த நொடியிலேயே தின்பண்டம் தர வேண்டும். வீட்டுக்குள் வந்து தருவது வேறு எதற்கோ தருவதாகிவிடும். போனதும் உடனே வீட்டுக்கு இழுத்து வந்தால், 'சிறுநீர் கழித்தால் உலா முடிந்தது' என்று புரிந்துகொண்டு அடக்கப் பழகும். ஆகவே காரியம் முடிந்த பிறகும் கொஞ்சம் நடக்க விடுங்கள். செய்தித்தாளில் பழக்கிய குட்டி காலடியில் காகிதத்தைத்தான் தேடும், நீங்கள் இன்னும் படிக்காத இன்றைய நாளிதழ் உட்பட. துடைப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. பினாயில் நம் மூக்கை ஏமாற்றும், நாயின் மூக்கை ஏமாற்றாது. அம்மோனியா கலந்த திரவமோ சிறுநீர் வாடையையே நினைவூட்டும். சிறுநீரைச் சிதைக்கும் என்சைம் திரவங்கள் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கின்றன.

வளர்ந்த நாய்கள் எல்லாம் ஒரே காரணத்துக்காகப் போவதில்லை. நாற்காலிக் காலில் கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. ஆண் நாய்களில் பலவற்றுக்குக் கருத்தடைக்குப் பின் குறையும். விருந்தாளி குனிந்து தொடும்போது நழுவவிடுவது பணிவின் அடையாளம், திட்டினால் அது கூடத்தான் செய்யும். தீபாவளி வெடிக்குப் பயந்து வாசலைத் தாண்ட மறுக்கும் நாய் உள்ளேதான் போகும். தனியே விட்டதும் கதவைப் பிறாண்டி, ஊளையிட்டு, கூடவே அசுத்தமும் செய்தால் அது தனிமையின் பதற்றம். அதைப் பழிவாங்கல் என்பது மனிதப் புத்தியை நாயின் தலையில் ஏற்றுவது.

இத்தனை நாளும் ஒழுங்காக இருந்த நாய் திடீரென்று மாறினால், பழக்குவதை விட்டுவிட்டு முதலில் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். கருப்பை எடுத்த பெண் நாய் தூங்கிய இடம் நனைந்திருந்தால், சிறுநீர்க் குழாயின் பிடிமானம் தளர்ந்திருக்கலாம்; மாத்திரையில் பெரும்பாலும் சரியாகும். அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது பல சமயம் தொற்று. நாளொன்றுக்குக் கிலோ எடைக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல் தண்ணீர் குடித்தால் (10 கிலோ நாய்க்கு ஒரு லிட்டர்) சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையும் இப்படிக் குடிக்க வைக்கும். கிழட்டு நாய்க்கு மூட்டு வலியால் வாசல்வரை போக முடியாமலும் இருக்கலாம், மறதியால் வாசல் எதுவென்றே தெரியாமலும் போகலாம். 'ஒரு கூடத்து ஈரத்துக்கு டாக்டரா?' என்று தயங்குபவர்கள் சிறுநீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்துக்கொண்டு போனாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆனால் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்கியும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை என்றால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். அடைப்பு உயிரைப் பறிக்கும்.