கடைசி நாட்களில் ஏறும் இனிப்பு

பின்கட்டில் சீமை அத்தி வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “காய் நிறையப் பிடிக்கிறது. கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதானதும் அப்படியே நின்றுவிடுகிறது. வாரக்கணக்கில் ஒரு மாற்றமும் இல்லை. பழுத்தாலும் சப்பென்று இருக்கிறது. என்ன உரம் வைக்கலாம்?”

இந்தக் கேள்விக்கு உரக்கடையில் புட்டி புட்டியாகப் பதில் இருக்கிறது. யூடியூபில் எப்சம் உப்பு, புளித்த மோர், வாழைப்பழத் தோல் என்று ஆளுக்கொரு மருந்து. எப்சம் உப்பு மெக்னீசியம் குறைந்த மண்ணுக்கு உதவும், அவ்வளவுதான். இன்னொரு கூட்டம் குளவி இல்லாமல் அத்தி பழுக்காது என்று பயமுறுத்துகிறது. குளவி தேவைப்படுவது ஸ்மிர்னா வகைக்கு. கலிஃபோர்னியாவில் அதை நட்டவர்கள் காய் உதிர்வதைப் பார்த்துத் தவித்து, கடைசியில் 1899-ல் குளவியையே வரவழைத்துக் குடியேற்றினார்கள். நம் நர்சரிகளில் கிடைக்கும் பூனா அத்தி, பிரவுன் டர்க்கி ஆகியவை மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்ப்பவை.

ஆக, காய் நிற்பது நோய் அல்ல. அத்தி வளர்வதே மூன்று கட்டமாகத்தான். முதல் கட்டத்தில் விறுவிறுவென்று பருக்கும். இரண்டாவதில் அளவும் ஏறாது, நிறமும் மாறாது. உள்ளே இருக்கும் நுண்மணிகளின் ஓடு மட்டும் கெட்டிப்படும். மூன்றாவது கட்டம் சில நாட்களில் முடிந்துவிடும். ஆனால் பழத்தின் மொத்தச் சர்க்கரையில் சுமார் 90 விழுக்காடு அந்தச் சில நாட்களில்தான் வந்து சேர்கிறது.

அடுப்பில் வைத்த பாலை நினைத்துக்கொள்ளுங்கள். வெகுநேரம் சும்மா இருப்பதுபோல் இருக்கும், சூடு உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும், திடீரென்று பொங்கும். அத்தியில் அடுப்பு என்பது இலை. பொங்கும் முன்பே பாத்திரத்தை இறக்கிவிட்டால் பால் தானாகப் பொங்காது. பழுக்கும் முன்பே பறித்த அத்தியும் கூடையில் கிடந்து இனிக்காது, வெறுமனே வாடும். பொங்கும் நேரத்தில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினால் பால் அடங்கி நீர்த்துப்போகும். பழுக்கும் வாரத்தில் வேரை ஊறவைத்தால் பழமும் சப்பிடும். பொங்கி வழிவதுகூட இங்கே உண்டு: காய்ந்து கிடந்த மண்ணில் பெருமழை விழுந்தால் பழுத்த அத்தி வாய் பிளந்துகொள்ளும்.

இந்தப் பொங்கலுக்குத் தீயைத் தூண்டுவது எத்திலின் என்ற வாயு. பழமே அதை உண்டாக்குகிறது. அது பழுத்தலைக் கிளப்புகிறது. இரண்டாம் கட்டத்தின் முடிவில், காயின் நுனித் துளை லேசாகச் சிவக்கத் தொடங்கும்போது, அந்தத் துளையில் ஒரு சொட்டுத் தாவர எண்ணெயைத் தொட்டு வைத்தால் எத்திலின் முந்திக்கொண்டு கிளம்புகிறது. ஏறக்குறைய ஒரு வாரத்தில் காய் பழுத்துவிடுகிறது. பக்கத்துக் கிளையில் எண்ணெய் தொடாத காய் பச்சையாகவே நிற்கும்! ஜப்பானிய விவசாயிகள் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். ஆனால் முன்கூட்டித் தொட்டால் பலன் இல்லை. தவிர, எண்ணெய் பழத்தை முந்தவைக்கும். கூடுதலாக இனிக்கவைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சர்க்கரை எண்ணெயிலிருந்து வருவதில்லை.

இந்த வித்தை பழையது என்பதால் வரலாற்றுக்கு ஒரு பத்தி. எகிப்தில் வளரும் வேறோர் அத்தியினத்தின் காய்களை இரும்பு நகத்தால் கீறினால் நான்காம் நாள் பழுக்கும் என்று கிரேக்க அறிஞர் தியோஃப்ராஸ்டஸ் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். காயம் பட்ட திசு எத்திலின் விடும் என்பது 20-ஆம் நூற்றாண்டில் விளங்கியது.

சர்க்கரைக்கு வருவோம். அதைச் செய்வது வெயில் படும் இலை. தழைச்சத்தை அள்ளிப் போட்டால் கிளை நீண்டு, இலை இலையை மறைத்து, பழத்துக்குப் போக வேண்டியது கட்டைக்குப் போகும். மழைக்காலத்தில் இலையின் அடியில் பழுப்புப் பொடியாகத் துரு நோய் வந்து இலையெல்லாம் கொட்டினால், அந்தப் பருவத்தின் இனிப்பும் அதோடு போயிற்று. கொட்டிய இலைகளைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். அடர்ந்த கிளைகளைக் களைந்து காற்று ஓடவிடுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ரகசியம் நாள் குறிப்பதில் இருக்கிறது. 2016-ல் புவிசார் குறியீடு பெற்ற புரந்தர் அத்தி, புனேவுக்கு அருகில் விளைகிறது. அங்கே அத்திக்கு இரண்டு பருவம். மழையோடு வருவதைக் கட்டா பஹார் என்பார்கள், புளிப்புப் பருவம். கோடையில் வருவது மீட்டா பஹார், இனிப்புப் பருவம். அதே மரம், அதே மண். பழுக்கும் நாட்களில் வெயிலா மழையா என்பதுதான் வேறுபாடு. பெரும்பாலும் புதுத் துளிரின் இலைக்கக்கத்தில்தான் காய் வரும் என்பதால், கவாத்து செய்யும் நாள்தான் அறுவடை நாளைத் தீர்மானிக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும் நம் ஊர்களில், மழை ஓய்ந்தபின் கவாத்து செய்தால் பழம் கோடையில் கைக்கு வரும். வாசகரின் மரம் எந்த மாதத்தில் பழுக்கிறது என்பதை அவர் எழுதவில்லை. முதலில் அதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

கவாத்தின்போது கையுறை அவசியம். வெட்டிய இடத்தில் வடியும் பால் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால் கொப்புளம் கிளம்பும். பறிக்கும் நாளுக்கு நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். காம்புப் பக்கம் கழுத்து தளர்ந்து பழம் கீழ்நோக்கித் தொங்க வேண்டும். தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும். பறிக்கும்போது காம்பில் பால் வடியக்கூடாது. அதுவரை கிளிக்கும் மைனாவுக்கும் எட்டாமல் வலை போட்டுக் காத்திருங்கள்.