எம்.ஐ.எஸ். கணினிப் பாடமல்ல

பி.பி.ஏ., பி.காம். மாணவர்கள் எம்.ஐ.எஸ். என்று சுருக்கிச் சொல்லும் மேலாண்மைத் தகவல் முறைமை, பெரும்பாலும் தேர்வுக்கு முந்தைய இரவில் மனப்பாடம் செய்து தாண்டிவிடும் தாள். தகவலின் இயல்புகள் யாவை, முடிவெடுப்பதன் படிநிலைகள் யாவை என்று சில கேள்விகள், எழுதிவிட்டு மறந்துவிடலாம். வேலைக்குப் போன பிறகும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. நம் ஊர் அலுவலகங்களில் 'எம்.ஐ.எஸ். எக்ஸிகியூட்டிவ்' என்றால், எக்செல்லில் கணக்குப் போட்டுக் காலையில் மேலாளருக்கு ரிப்போர்ட் அனுப்புகிறவர். இதைக் கணினிப் பாடம் என்று மாணவர்கள் எண்ணுவதில் வியப்பில்லை. ஆனால், 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் கார்டன் டேவிஸ் இதை முறையான படிப்பாக வளர்த்தெடுத்தபோது, அது வணிகப் பள்ளியில்தான் வேர்விட்டது. அதற்குக் காரணம் உண்டு. தகவல் முறைமைகள் கவிழும்போது பெரும்பாலும் முதலில் பழுதாகியிருப்பது இயந்திரமல்ல, நிர்வாகம்.

அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான டார்கெட், 2013 மார்ச்சில் கனடாவில் கடை விரித்தது. கடைகள் 133 வரை பெருகின. 2015 ஜனவரியில் மொத்தத்தையும் மூடுவதாக அறிவித்துவிட்டது. பயன்படுத்திய மென்பொருள் எஸ்.ஏ.பி.; உலகின் பெரிய நிறுவனங்கள் பல நம்பியிருப்பது. கோளாறு அதில் ஏற்றிய விவரங்களில் இருந்தது. கடை திறக்கும் நாள் நெருங்க, அனுபவம் குறைந்த ஊழியர்கள் ஆயிரக்கணக்கான பொருள்களின் விவரங்களை அவசர அவசரமாக ஏற்றினார்கள். சென்டிமீட்டரில் இருக்க வேண்டிய அளவு அங்குலத்தில் ஏறியது; அகலம் இருக்க வேண்டிய கட்டத்தில் நீளம் உட்கார்ந்தது. கிடங்கில் சரக்கு நிரம்பி வழிய, கடை அலமாரிகள் காலியாகக் கிடந்தன. பின்னர் வெளிவந்த செய்திகளின்படி, அந்த விவரங்களில் சரியாக இருந்தவை சுமார் 30 சதவீதம்தான். இதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. 'சரக்கு கையிருப்பு' விகிதத்தை வைத்தே ஊழியர்களின் வேலை மதிப்பிடப்பட்டது. தானாக மறு ஆர்டர் போடும் வசதியை ஒரு பொருளுக்கு நிறுத்திவிட்டால், அது தீர்ந்துபோனதை முறைமை கணக்கில் காட்டாது. சிலர் அப்படியே நிறுத்தினார்கள். ரிப்போர்ட் அழகாக வந்தது. வாடிக்கையாளர் வெறுங்கையோடு திரும்பினார். எதை அளப்பது, அளப்பவருக்கு அதனால் என்ன லாபம் என்பது எந்தக் கணினி வகுப்பிலும் வரும் கேள்வியல்ல.

"இதையெல்லாம் கணினி படித்தவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?" என்று கேட்கலாம். நிரலர் ஒரு கட்டத்தை உருவாக்கித் தருவார். அதை யார் நிரப்புவது, யார் சரிபார்ப்பது, தவறினால் யார் பொறுப்பு, எப்போது இயக்கத் தொடங்குவது என்பதை அவரால் தீர்மானிக்க முடியாது. 1999இல் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் தன் புதிய முறைமையை ஜூலையில் இயக்கத் தொடங்கியது. ஹாலோவீன் பண்டிகைக்கான ஆர்டர்கள் குவியும் நேரம் அது. விளைவு, சுமார் 100 மில்லியன் டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை உரிய நேரத்தில் அனுப்ப முடியவில்லை. சரக்கு இல்லாமல் அல்ல, இருந்தும்தான். தீபாவளிக்கு முந்தைய வாரம் ஜவுளிக்கடையில் பில்லிங் மென்பொருளை மாற்ற எந்த முதலாளியும் சம்மதிக்க மாட்டார்.

மென்பொருள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, பாடப்புத்தகம் பழசாகிவிடுகிறது என்ற குறையில் நியாயம் இருக்கிறது. டேலி கணக்கு மென்பொருளை ஒரு குறுகிய காலப் பயிற்சியில் கற்றுக்கொள்ளலாம். அதற்காக ஒரு பருவத்தைச் செலவிட வேண்டியதில்லை என்பதே என் கருத்தும். பழசாகாத பகுதி வேறு: ஒரு எண் எங்கிருந்து வந்தது, அதை நம்பலாமா என்று விசாரிக்கும் பழக்கம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதால் அந்தப் பழக்கமும் தேவையில்லை என்கிறார்கள் சிலர். பிரிட்டன் அஞ்சலக நிறுவனத்தின் ஹொரைசன் விவகாரத்தை அவர்கள் படிக்க வேண்டும். புஜிட்சு நிறுவனம் வழங்கிய அந்தக் கணக்கு முறைமை, இல்லாத பணப் பற்றாக்குறையைக் காட்டியது. உள்ளூர் அஞ்சலகங்களை நடத்திவந்தவர்கள் "நாங்கள் எடுக்கவில்லை" என்று சொன்னதை நிர்வாகம் ஏற்கவில்லை. திரையில் தெரிந்த எண்ணை நம்பியது. 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. அத்தீர்ப்புகளை ஒட்டுமொத்தமாக நீக்க 2024இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. பதில் தரும் கருவி எவ்வளவு சரளமாகப் பேசுகிறதோ, அவ்வளவுக்கு அதைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவர் தேவை.

பாடத்திட்டம் மாறும்வரை மாணவர்கள் காத்திருக்க வேண்டாம். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு இணையத்தில் கிடைக்கும் அறிக்கையை மாற்றி எழுதுவதை விட்டுவிட்டு, தெருமுனை மருந்துக்கடைக்கோ பல்பொருள் அங்காடிக்கோ செல்லுங்கள். அனுமதி கேட்டு இருபது பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். கணினி காட்டும் இருப்பையும் அலமாரியில் இருக்கும் இருப்பையும் எண்ணிப் பாருங்கள். வித்தியாசம் எங்கே, யாரிடம், எந்த நேரத்தில் தொடங்கியது என்று கண்டுபிடித்து எழுதுங்கள்.